மூக்கில்லாத வண்டியும் ஓட்டுபவர் முழங்காலும்



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

காடு மேடென்று ஜீப் ஓட்டும் ஆசை உள்ள நம் பிள்ளைகள் சிலர் ஒரு வண்டிப் படத்தைப் போட்டு, "இப்படி ஒன்று நம் நாட்டில் ஏன் வரவில்லை?" என்று விவாதம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். "சார், நீங்களும் சொல்லுங்கள்" என்று என்னையும் இழுத்துவிட்டார்கள். 2012-ல் அமெரிக்காவில் மோவாப் என்ற ஊரில் நடந்த ஜீப் திருவிழாவில் காட்டிய மாதிரி வண்டி அது. பெயர் மைட்டி எஃப்.சி. நாற்பது அங்குல டயர், வானத்தைப் பார்த்த உயரம், மூக்கே இல்லாத தட்டை முகம். அழகுதான், மறுக்கவில்லை.

எஃப்.சி. என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டி காட்டுவதுதான் ஞாபகம் வரும். இது வேறு எஃப்.சி. ஃபார்வர்டு கன்ட்ரோல். அதாவது ஸ்டீயரிங், பெடல், டிரைவர் சீட் எல்லாவற்றையும் இன்ஜினுக்கு மேலேயோ முன்னாலேயோ கொண்டுபோய் வைத்துவிடுவது. குட்டி யானை என்று நாம் கூப்பிடுகிற டாடா ஏஸ் இந்த இனம்தான். பழைய மாருதி ஆம்னியும் இதே இனம்.

"ஏன் வரவில்லை?" என்ற கேள்விக்கு முதல் பதில்: வந்தது. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1956 கடைசியில் எஃப்.சி.150 என்ற வண்டியை அறிமுகம் செய்தது. வடிவமைத்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். அங்கே பத்து வருஷம்கூட அது ஓடவில்லை. இங்கே மகேந்திரா அதை 1965 முதல் செய்தது. அமெரிக்காக்காரன் கைவிட்ட பிறகும் நம் நாட்டில் அந்த வம்சம் நீண்ட காலம் ஓடியது. எண்பதுகளில் என்னிடம் படித்தவர்களுக்கு, கல்யாணத்துக்கும் தேர்தலுக்கும் வந்து நின்ற மகேந்திரா வேன் ஞாபகம் இருக்கும். அதன் தட்டை முகம் அந்த வழியில் வந்ததுதான்.

அந்த வடிவத்தின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எஃப்.சி.150-ன் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 81 அங்குலம். அப்போதைய சாதாரண ஜீப்புக்கும் அதே 81 அங்குலம்தான். மொத்த நீளம் பன்னிரண்டு அடிக்குச் சற்றே அதிகம். ஆனால் சுமை ஏற்றும் பாடி மட்டும் ஆறடிக்கு மேல்! வண்டியில் பாதி பாடி. மூக்கை எடுத்ததால் கிடைத்த லாபம் இது. டிரைவருக்கும் டயருக்குப் பக்கத்தில் கிடக்கும் கல் வரை தெரியும். நெல் மூட்டை வரத்து அதிகமான நாளில் நம் மார்க்கெட் கமிட்டி வாசலில் நின்று பாருங்கள். குட்டி யானை வளைந்து நுழைகிற சந்தில் மூக்கு வைத்த வண்டி இரண்டு முறை ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும்.

இனி குறைகளுக்கு வருவோம். மாட்டு வண்டி ஓட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் விளக்கத் தேவையில்லை. பாரம் முன்னால் போனால் மாட்டின் கழுத்து நசுங்கும், பின்னால் போனால் நுகத்தடி தூக்கும். எஃப்.சி. வண்டியில் இன்ஜின், டிரைவர், பக்கத்தில் உட்காருபவர் எல்லாரும் முன் சக்கரத்தின் தலைமேல். பாடி காலியாக இருந்தால் முழுக்க முன்பாரம். இறக்கத்தில் பிரேக் போட்டால் எடை இன்னும் முன்னால் சாயும், பின் சக்கரத்துக்குப் பிடி குறையும். டிரைவருக்குப் பள்ளத்தில் தொங்குவது போல இருக்கும். பழைய எஃப்.சி.யில் சக்கரங்களுக்கு நடுவே அகலமும் போதவில்லை. 1958-ல் அதைக் கூட்டினார்கள்.

அடுத்தது குலுக்கல். டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் வந்தவர்களுக்கு இது தெரியும். நடு சீட்டில் இருப்பவன் தூங்குவான், கடைசி சீட்டில் இருப்பவன் தலை கூரையில் இடிக்கும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே இருந்தால் குலுக்கல் பாதியாகப் பங்கு பிரியும். சக்கரத்தின் மேலோ அதற்கு வெளியிலோ இருந்தால் முழுசாக வந்து இடுப்பில் இறங்கும். தட்டை முக வண்டி டிரைவர் வாழ்நாள் முழுக்கக் கடைசி சீட்டில் உட்கார்ந்திருப்பவர். அந்தக் கடைசி சீட் முன்னால் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாதிரி வண்டியை வடிவமைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. மைட்டி எஃப்.சி.யில் சக்கர இடைவெளியை 117 அங்குலமாக நீட்டினார்கள். பழையதைவிட மூன்று அடி கூடுதல். கவிழும் பயம் குறையும். சக்கரத்தோடு பல்சக்கரம் சேர்த்து அச்சைத் தரையிலிருந்து உயர்த்தும் போர்ட்டல் ஆக்ஸிலும் போட்டார்கள். பாறையில் அடிதட்டாது. நல்ல வேலை. ஆனால் அந்தக் கம்பெனி 2019-ல் நிஜமாகவே விற்பனைக்குக் கொண்டுவந்த சுமை ஜீப் எது? மூக்கு வைத்த கிளாடியேட்டர்.

காரணம் முழங்கால். எதிரே லாரி வந்து மோதினால் மூக்கு வைத்த வண்டியில் முதலில் நசுங்குவது தகடு. மூக்கில்லாத வண்டியில் டிரைவரின் கால். நம் ஊரில் ஆம்னி 2019-ல் நின்றுபோனதற்கும் இதுதான் காரணம். புதிய மோதல் பாதுகாப்பு விதிகளுக்கு அந்த வடிவம் ஒத்துவரவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். வண்டிக்கு மூக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை அழகு மட்டும் தீர்மானிப்பதில்லை. சட்டமும் சாலையும் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவில் 1982-ல் லாரி நீளக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். அதற்குப் பிறகு அங்கே தட்டை முக லாரிகள் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தன. ஐரோப்பாவில் மொத்த நீளத்தைக் கணக்கில் எடுப்பதால் இன்றும் தட்டை முகம்தான். நம் ராணுவத்துக்கு அசோக் லேலண்டின் ஸ்டாலியன் லாரி மலைப்பாதையில் சுமை ஏற்றிப் போகிறது. அதுவும் தட்டை முகம், நான்கு சக்கரமும் இழுக்கும். ஆகவே இந்த வடிவம் காட்டுக்கு ஆகாது என்று சொல்பவர்களோடும் நான் சேரமாட்டேன்.

என் கருத்து இதுதான். இப்படி ஒரு வண்டி நமக்குத் தேவை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு முதலில் அல்ல. மழை பெய்த மறுநாள் ஏரிக்கரை வழியாக மணிலா மூட்டை கொண்டுவர வேண்டிய விவசாயிக்கு. புயல் அடித்த ராத்திரி கம்பத்தையும் ஆட்களையும் கழனிக்குள் கொண்டுபோக வேண்டிய மின்வாரிய ஊழியருக்கு. இவர்களுக்கு இன்று இருப்பது டிராக்டர், இல்லாவிட்டால் சேற்றில் சிக்கும் குட்டி யானை. நான்கு சக்கரமும் இழுக்கிற, ஒரு டன் ஏற்றுகிற, குறுகிய சந்தில் திரும்புகிற வண்டி விலைக்குக் கிடைத்தால் வாங்க ஆள் இருக்கிறது.

ஒரகடம் பக்கம் வண்டிக் கம்பெனிகளில் டிசைன் வேலை பார்க்கும் என் மாணவர்கள் இரண்டு மூன்று பேர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, சீட்டை முன் சக்கரத்துக்கு ஒரு முழமாவது பின்னால் தள்ளுங்கள், பாடியில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. இரண்டு, காலுக்கு முன்னால் நசுங்கிக் கொடுக்க இடம் விடுங்கள். மூன்று, இன்ஜின் சூட்டைக் கேபினுக்குள் விடாதீர்கள். பெரிய லாரிகளில் டிரைவர் கேபினுக்கு 2025 முதல் ஏ.சி. கட்டாயம் என்று அரசே சொல்லிவிட்டது. சின்ன வண்டி ஓட்டுபவனும் மனுஷன்தானே? ஏறி உட்காருபவன் உங்களோடு அதே பெஞ்சில் படித்தவன் என்பதை நினைத்துக்கொண்டு வரையுங்கள்.

ஜீப் ஆசைக்காரப் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். "பின்னால் பத்துப் பேர் நிற்கலாம்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். அதை மட்டும் எழுதாதே தம்பி. அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற வழியில் சுமை வண்டியில் குழந்தை குட்டிகளோடு நிற்கிறவர்களைப் பார்க்கும்போதே எனக்கு அடிவயிறு கலங்குகிறது. பாடி மூட்டைக்குத்தான், ஆளுக்கு அல்ல. அப்புறம், நம் கோட்டை 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகியிருக்கிறது. அதன் மலை அடிவாரமும் பக்கமலைக் காடும் டயர் சோதிக்கும் இடம் இல்லை.

லோடு வண்டி ஓட்டும் மாணவர்கள் கட்டாயம் பதில் எழுதுங்கள். படத்தைப் பார்த்து ரசித்தவர்கள் நிறையப் பேசிவிட்டார்கள். எட்டு மணி நேரம் அந்த சீட்டில் உட்காருகிறவர்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அனைவரும் நலமாக இருங்கள். வண்டியை நிதானமாக ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
செஞ்சி.