உடன்பிறப்பின் சுமை

உடன்பிறந்தார் அன்பைப் பேசும் இலக்கியங்கள் தமிழில் மிகுதி. கங்கைக்கரை வேடனான குகனைக் கம்பனின் இராமன் தன் உடன்பிறந்தானாக ஏற்கிறான். பின்னர்ச் சுக்கிரீவனும் வீடணனும் அவ்வரிசையில் சேர்கின்றனர். தமையன் சேரன் செங்குட்டுவன் அரியணை ஏற, இளங்கோவடிகள் துறவு பூண்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அங்கெல்லாம் விட்டுக்கொடுப்பதற்கு ஒரு நாடு இருக்கிறது. சிறுகதையிலோ ஒரு துண்டு, ஒரு வேளைக் கஞ்சி, அரைநாள் விளையாட்டு ஆகியவையே இருக்கின்றன. அதனாலேயே உடன்பிறப்பின் பொறுப்பு சிறுகதையில் கூடுதல் எடையுடன் தெரிகிறது என்பது என் கருத்து.

கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையை எடுத்துக்கொள்வோம். லட்சுமியும் அவள் தம்பி சீனிவாசனும் தெருப் பிள்ளைகளோடு வீட்டுக் கதவில் தொற்றி ஆடுகின்றனர். அக்கதவே அவர்களைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் செல்லும் வண்டியாகிறது. மணிமுத்தாற்றுக்குக் கூலிவேலைக்குப் போன தந்தையிடமிருந்து பணமும் வரவில்லை, கடிதமும் இல்லை. தீர்வை பாக்கிக்காகத் தலையாரி கதவைக் கழற்றிக்கொண்டு போகிறான். தாய் காட்டுவேலைக்குச் செல்ல, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை லட்சுமியின் மேல் விழுகிறது. கதவற்ற வீட்டில் வாடைக்காற்று புகுகிறது. குழந்தை இறந்துவிடுகிறது.

லட்சுமியைக் 'குட்டித் தாய்' என்று பாராட்டும் விடைத்தாள்களை ஆண்டுதோறும் திருத்தியிருக்கிறேன். தொடக்கத்தில் அவ்விடைகளுக்கு முழு மதிப்பெண்ணும் அளித்தேன். ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, லட்சுமி எப்போது படிப்பாள்?" என்று கேட்டாள். உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக அவளே இரண்டாண்டுகள் பள்ளியை விட்டு நின்றவள் என்பது பின்னரே தெரிந்தது. அன்று முதல் அந்தப் பாராட்டில் எனக்கு உடன்பாடில்லை. விளையாடும் வயதுச் சிறுமியைத் தாயாக்கியவை வரியும் வறுமையும் தந்தையின் பிரிவும் அல்லவா? அவளது அன்பைப் புகழ்ந்துவிட்டு இவற்றைக் கடந்து சென்றால் கதையில் பாதியைத்தான் படித்திருக்கிறோம். கி.ரா. அவளை ஓரிடத்திலும் புகழவில்லை என்பதைக் கவனியுங்கள். கறையான் அரித்துக் கிடக்கும் கதவை மீண்டும் கண்டதும் அக்காவும் தம்பியும் அதைப் பற்றிக்கொள்வதைக் காட்டுவதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார்.

கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த நண்பர்கள். அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் உடன்பிறப்பின் எல்லை வீட்டைத் தாண்டி விரிகிறது. தீபாவளிக்கு முன்னிரவில் மழையில் நனைந்து, உடலெங்கும் சிரங்குடன் வரும் அநாதைச் சிறுவன் ராஜா. தாயம்மாள் தன் பிள்ளைகளோடு அவனுக்கும் எண்ணெய் தேய்த்து நீராட்டுகிறாள். அவனுக்குக் கொடுக்கப் புதுத்துணி இல்லை. கணவனுக்கென வாங்கிய துண்டு ஒன்றே இருக்கிறது. மகள் மங்கம்மாளும் இசைய, அத்துண்டு ராஜாவுக்குப் போகிறது. தங்களுக்கே போதாத வீட்டுப் பிள்ளைகள் தங்கள் வரிசையில் இன்னொருவனுக்கு இடம் விடுகின்றனர். குகனை ஏற்ற இராமனைவிட மங்கம்மாள் ஒரு படி உயர்ந்தவள் என்றே நான் சொல்வேன். இதனை மிகை என்று கருதுவோர் வகுப்பில் வாதிடலாம்.

பொறுப்பு அதிகாரமாக மாறும் இடமும் உண்டு. இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் அண்ணன் தம்பிக் கதையொன்றில், ஐந்து வயது மூத்த அண்ணன் விடுதியில் தம்பிக்கு ஓயாது அறிவுரை வழங்குகிறான். ஆனால் தேர்வில் தோற்பவன் அவனே; விளையாடித் திரியும் தம்பி தேர்ச்சி பெறுகிறான். நம்மில் பலர் இங்கே அண்ணனைப் பார்த்துச் சிரிப்போம். ஆயினும், தானே தவறான வழியில் சென்றால் தம்பியைக் காப்பது எவ்வாறு என்ற அச்சமே அவனைக் கட்டிவைத்திருக்கிறது. லட்சுமியிடம் வறுமை பறித்ததை இவனிடம் 'மூத்தவன்' என்னும் பெயர் பறித்துக்கொண்டது. கதை முடியும்போது அறுந்த பட்டம் ஒன்று தலைக்கு மேல் மிதந்து வருகிறது. உயரமான அண்ணன் எம்பி அதன் நூலைப் பிடித்துக்கொண்டு விடுதியை நோக்கி ஓடுகிறான். தம்பி பின்னால் ஓடுகிறான்.