வாயில்லாச் சீவனும் நம் வெட்கமும்



நம் திருமானூர்ப் பகுதியில் நாய் வளர்க்காத தெரு இல்லை. வயலுக்கும் களத்துக்கும் உடன் வந்து, இரவில் வாசற்படியில் படுத்துக் காவல் காப்பது அது. அத்தகைய ஆண் நாய் ஒன்றின் மறைவுறுப்பிலிருந்து திடீரென இரத்தம் சொட்டினால் வீட்டார் திகைத்துப் போகின்றனர். "சாமி, இது கெட்ட வியாதியாம், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம். கொள்ளிடத்துக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இம்மாதம் எழுதுகிறேன்.

இரத்தக் கசிவுக்குக் காரணங்கள் பல. காயமாக இருக்கலாம், சிறுநீர்ப்பை அழற்சியாகவும் இருக்கலாம். ஆயினும் தெருவில் கட்டின்றித் திரியும் நாய்களிடம் நம் நாட்டில் அடிக்கடி காணப்படுவது, புணர்ச்சியால் பரவும் ஒரு புற்றுக்கட்டி. பூக்கோசு போன்று சிவந்து வளரும். தொட்டால் இரத்தம் கசியும். உறைக்குள் மறைந்திருப்பதால் நாட்கள் கடந்த பின்னரே கண்ணுக்குப் புலப்படும்.

இதன் தன்மை வியப்புக்குரியது. இது கிருமியால் வருவதன்று. நோயுற்ற நாயின் புற்றணுக்களே உயிரோடு மற்றொரு நாயின் உடலில் ஒட்டி வளர்கின்றன. நொவின்ஸ்கி என்ற ரஷ்யக் கால்நடை மருத்துவர் 1876ஆம் ஆண்டிலேயே, கட்டியின் சிறு துண்டை ஒரு நாயிடமிருந்து மற்றொன்றுக்கு மாற்றி வளரச் செய்து காட்டினார். பல நாடுகளின் நாய்களிடம் காணும் இக்கட்டிகள் அனைத்தும், தொன்னாளில் வாழ்ந்த ஒரே விலங்கின் அணுக்களிலிருந்து வழிவழியாக வந்தவை என்பதை 2006இல் லண்டன் ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். மனிதருக்கு இந்நோய் தொற்றுவதில்லை. ஆகவே பிள்ளைகளை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

மருந்தும் உண்டு. நம் கல்லறைத் தோட்டங்களில் தானே முளைத்துப் பூக்கும் நித்தியகல்யாணியை அறியாதார் யார்? சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கும் அச்செடியிலிருந்தே வின்கிறிஸ்டின் என்னும் மருந்து கிடைக்கிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் அதுவே பயன்படுகிறது. வாரம் ஒருமுறை நரம்பில் ஊசியாகச் செலுத்தினால், பெரும்பாலான நாய்கள் சில வாரங்களில் முற்றும் குணமடைகின்றன. ஆனால் செடியை அரைத்து ஊட்டிவிடாதீர்கள், அது நஞ்சு. ஊசியும் இரத்தப் பரிசோதனைக்குப் பின் கால்நடை மருத்துவர் கையால் போடப்பட வேண்டியது. அருகிலுள்ள அரசுக் கால்நடை மருத்துவமனையை முதலில் நாடுங்கள். மேல்சிகிச்சை தேவைப்பட்டால், ஆற்றைக் கடந்து தஞ்சை வழியே சென்றால், 2012இல் தொடங்கப்பெற்ற ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குணமான நாய்க்குக் கருத்தடை செய்து, கட்டுப்பாடின்றித் திரிய விடாதிருப்பதே மீண்டும் வராமல் காக்கும் வழி.

நோயுற்ற நாயை அக்கரையில் விட்டுவிடுவது தீர்வாகாது. அது பட்டினியால் வாடும். அவ்வூர் நாய்களுக்கும் நோயைப் பரப்பும். விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. தோபியா நெடும்பயணம் புறப்பட்டபோது அவனுடைய நாயும் உடன் சென்றதை விவிலியம் மறவாமல் குறித்து வைத்திருக்கிறது.

இவற்றினும் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், யார் செய்த பாவத்தால் இப்படிப் பிறந்தான் என்று வினவினர். ஆண்டவரோ அக்கேள்வியையே ஏற்கவில்லை. நாமோ, மறைவுறுப்பில் தோன்றும் நோய் எதுவாயினும் அதைப் பழியாக எண்ணி மூடி மறைக்கிறோம். நாயின் நோயைப் பேசவே கூசும் வீட்டில், தாய் தன் அடிவயிற்றுக் கட்டியை எவரிடம் சொல்வாள்? வயதுக்கு வந்த மகன் தன் வேதனையை எப்படி வாய்திறந்து உரைப்பான்? மருத்துவரிடம் காலம் தாழ்த்திப் போய், காப்பாற்றக் கூடிய உயிரை இழந்த குடும்பங்கள் எத்தனை!

பெற்றோர்களே, வீட்டு நாயைப் பிள்ளைகளுடன் சேர்ந்தே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோய் வெட்கப்பட வேண்டியதன்று, குணப்படுத்த வேண்டியது என்பதை அவர்கள் அங்கே கற்றுக்கொள்வார்கள். அந்தப் பாடம் ஒருநாள் அவர்கள் உயிரையே காக்கலாம்.