நல்ல மருத்துவருக்கு ஆராய்ச்சிப் பயிற்சி வேண்டுமா? எங்கள் நிலைப்பாடு

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கிளினிக் நடத்தும் பொது மருத்துவர்களின் அமைப்பு எங்களுடையது. ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்று எந்தப் பொது மருத்துவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு. ஆனால், ஓர் ஆய்வைப் படித்து அதை நம்பலாமா என்று எடைபோடத் தெரியாதவரை எம்.பி.பி.எஸ். தேர்வில் தேற விடவும் கூடாது.

முதல் பாதிக்கு அதிக விளக்கம் வேண்டியதில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்த்து 2018-இல் மறைந்த டாக்டர் ஜெயச்சந்திரனின் கைராசியைக் கட்டுரைகளை எண்ணி யாரும் அளந்ததில்லை. எம்.டி., எம்.எஸ். படிப்பில் ஆய்வேடு கட்டாயம். அவற்றில் பல, கைடு கையெழுத்துப் போட்டதும் அலமாரிக்குப் போய்விடுகின்றன. அந்தச் சடங்கு எம்.பி.பி.எஸ்ஸுக்கும் வருவதால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை.

இரண்டாவது பாதிதான் முக்கியம். காசநோயாளி சானடோரியத்தில் படுத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் பெற்றால்தான் தேறுவார் என்று அனுபவசாலிகளே உறுதியாக நம்பிய காலம் இருந்தது. 1956-இல் சென்னையில் அதைச் சோதித்தார்கள். நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராரை வீட்டிலேயே வைத்தும் மறு சாராரை சானடோரியத்தில் சேர்த்தும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகெங்கும் காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வர வழி திறந்த ஆய்வு அது. சானடோரியத்தை நம்பிய மருத்துவர்களுக்கு அனுபவம் குறைவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும்வரை அந்த அனுபவம் எங்கே பிசகியது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்றைக்கு மெடிக்கல் ரெப் பளபளக்கும் அட்டையை மேஜையில் விரித்து, இந்த மாத்திரையால் மாரடைப்பு 50 சதவீதம் குறைகிறது என்கிறார். நூறு பேரில் இருவருக்கு வருவது ஒருவருக்கு என்று ஆனாலும் அது 50 சதவீதம்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரை மாதாமாதம் அதற்குச் செலவழிக்கச் சொல்லுமுன் இந்தக் கணக்கு மருத்துவருக்குப் புரிய வேண்டாமா? காசிமேட்டிலிருந்து மூன்று வார இருமலோடு வருபவருக்குச் சளிப் பரிசோதனை செய்யாமல் லிவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதினால் இருமல் கொஞ்சம் தணியலாம். காசநோயாக இருந்தால் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போவதை வைத்து இதை அறிய முடியாது.

பிறர் ஆய்வை எடைபோடுவதோடு, சொந்த நோயாளிகளின் விவரத்தைப் பதிந்து எண்ணிப் பார்க்கவும் தெரிய வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அந்தத் தெருக்களிலிருந்து ஒரு குழந்தை இப்போது வீசிங்கோடு வந்தால், அது முன்பே இருந்ததா, கசிவுக்குப் பின் வந்ததா? பழைய சீட்டில் 'இருமல், சளி, 3 நாள்' என்று மட்டும் இருந்தால் எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. நோயாளியிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-இல் எழுதினார். கன்டெய்னர் யார்டும் அனல்மின் நிலையமும் சூழ்ந்த இந்தப் பகுதியில் அந்தக் கேள்வி சீட்டில் ஏறியே ஆக வேண்டும். இவ்வளவு கூட்டத்தில் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும் நாங்கள் கேட்பது இரண்டு வரிதான்.

தேசிய மருத்துவ ஆணையத்திடமும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திடமும் எங்கள் கோரிக்கை: இறுதித் தேர்வில், ஏற்கெனவே வெளியான ஆய்வு ஒன்றைக் கையில் கொடுத்து, எதிரே இருக்கும் நோயாளிக்கு இது பொருந்துமா என்று வாய்மொழியாகக் கேளுங்கள். சமுதாய மருத்துவப் பணிக்காலத்தில் ஒவ்வொரு ஹவுஸ் சர்ஜனும் அந்தந்தப் பகுதியின் ஒரு கேள்வியை எடுத்து எண்ணிப் பார்க்கட்டும். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலிருந்து வருபவர்களுக்கு எங்கள் கிளினிக்குகளில் இடம் தருகிறோம். எங்கள் உறுப்பினர்களின் ஓ.பி. சீட்டில் வேலை, வேலையிடம், குடியிருக்கும் தெரு மூன்றும் இனி இடம்பெறும். பெயரும் முகவரியும் நீக்கிய கணக்கு மட்டுமே கிளினிக்கை விட்டு வெளியே போகும்; நோயாளி வேண்டாம் என்றால் அதுவும் போகாது.