டயர் முதலில், லிஃப்ட் அப்புறம்



புனே அருகே தம்ஹினி மலைப்பாதையில் மழை பிடித்துவிட்டால் பிம்ப்ரி, கட்கி வாசகர்களின் கடிதங்களில் வண்டிப் பேச்சு கூடிவிடும். இம்முறை பலரும் கேட்டிருப்பது ஒன்றைத்தான். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புக்கு இரண்டு அங்குலம் லிஃப்ட் போடலாமா, அதாவது பாடியை உயர்த்தலாமா? எந்த அளவு டயர் மாட்டலாம்?

லிஃப்ட்டை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள் என்றே சொல்வேன். இந்த வண்டிகளுக்குப் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். இரு சக்கரங்களுக்கும் நடுவே ஒரே ஆக்சில். ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் மேலே போகும். ஆக்சிலின் நடுவில் புடைத்து நிற்கும் டிஃபரன்ஷியல் இருந்த உயரத்திலேயே இருக்கும். கல் தட்டுவதோ பெரும்பாலும் அதில்தான். அதை மேலே தூக்க டயரால் மட்டுமே முடியும்.

அதற்காகப் பெரிய டயருக்குத் தாவிவிடவும் வேண்டாம். 255/60 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 763 மி.மீ. அதற்குப் பதில் 275/65 ஆர்18 போட்டால் 815. கூடும் விட்டத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், அதாவது 26 மி.மீ. ஆனால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் தூரம் ஓடிவிடும். ஸ்பீடோமீட்டருக்கு அது தெரியாது. ஏற்றத்தில் இழுவை குறையும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உரசும். உரசலுக்குப் பயந்து லிஃப்ட் போட்டால், முன் ஆக்சில் ஜாயின்ட்டுகள் கூடுதல் சாய்வில் சுழன்று சீக்கிரம் தேயும், அலைன்மென்டும் கலையும். ஒரு செலவு இன்னொன்றை இழுத்துவரும்.

கம்பெனி கொடுத்த அளவிலேயே நல்ல ஏ.டி. (எல்லாத் தரைக்கும் ஏற்ற) டயர் போதும். நம் மலைப்பாதைகளில் சேற்றைவிட நனைந்த தாரில்தான் அதிக நேரம் ஓட்டுகிறோம். அங்கே உயர்ந்த வண்டி வளைவில் சாயும்; முரட்டு எம்.டி. (சேற்றுக்கான) டயர் பிரேக் பிடிக்கையில் வழுக்கும். குடும்பத்தோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். எப்போதும் பாரம் ஏற்றி, பின்பக்கம் தாழ்ந்துபோன வண்டிக்கு அந்தப் பாரத்துக்கேற்ற ஸ்பிரிங் மாற்றுவது வேறு விஷயம். அது நியாயமான செலவு.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் உற்பத்தியாளரின் மூல அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த மூல அளவுகள் சோதனைக்குப் பிறகே அங்கீகாரம் பெறுகின்றன. அப்படிச் சோதிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனம் 1966 முதல் நம் புனேயில்தான் இருக்கிறது.

ஏற்கெனவே டயர் மாற்றியவர்கள் பழைய அளவு, புதிய அளவு, மைலேஜ் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்