மூட்டை அடுக்கும் முறையைக் கேட்போம்!



எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறார். "அப்படி என்னதான்டா படிக்கிற?" என்று போன தீபாவளிக்குக் கேட்டார். "தேடுபொறிப்பா. ஆயிரம் புஸ்தகத்துல ஒரு வார்த்தை எங்க இருக்குன்னு உடனே சொல்லும்" என்றேன். அவர் உடனே, "அது சரி, சரக்கை எப்படி அடுக்கி வச்சிருக்கு?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

நாம் என்ன செய்கிறோம்? ப்ராஜெக்ட் என்றால் கடையில் ரெடிமேடாக வாங்கி, பெயரை மாற்றி, பைண்டிங் போட்டுக் கொடுத்து விடுகிறோம். எல்லோரும் அல்ல, ஆனால் பலர். வேலைக்கு ஆள் எடுக்க வந்த ஒருவர், "டிப்ளமோ பசங்களுக்கு இன்ஸ்டால் பண்ணத் தெரிஞ்சா போதும்" என்றார். கோபம் வந்தது. ஆனால் உள்ளே திறந்து பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஆகவே நானே திறந்து பார்த்தேன். அதன் பெயர் லூசீன். டக் கட்டிங் என்பவர் ஜாவாவில் எழுதத் தொடங்கி, 2001-ல் அப்பாச்சி அமைப்பில் சேர்ந்தது. சோலர், எலாஸ்டிக்சர்ச் என்று நாம் கேள்விப்படும் தேடுபொறிகளுக்கு அடியில் இருப்பது இதுதான். மூல நிரல் முழுவதும் இலவசம். யாரும் படிக்கலாம், மாற்றலாம்.

பாடப்புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்கிறதல்லவா? 'மின்மாற்றி – 12, 47, 90' என்று. லூசீன் செய்வதும் அதையேதான். எந்தச் சொல் எந்தெந்த ஆவணத்தில் இருக்கிறது என்று பட்டியல் எழுதி வைக்கிறது. இதை இன்டெக்ஸ் என்கிறார்கள். இதைச் சேமிப்பதில் இரண்டு விஷயங்களை நாம் மாற்றலாம்.

ஒன்று, எங்கே வைப்பது. இதற்கு டைரக்டரி என்று பெயர். வட்டிலும் வைக்கலாம், சிறியதாக இருந்தால் நினைவகத்திலேயே வைக்கலாம். இரண்டு, எப்படி எழுதுவது. இதற்குக் கோடெக் என்று பெயர். 2012-ல் வந்த 4.0 பதிப்பிலிருந்து இந்தப் பகுதியை நாமே மாற்றிப் பொருத்த வழி உண்டு. சேமித்த ஆவணங்களை வேகமாக எடுக்க வேண்டுமா, இறுக்கிச் சுருக்கி இடத்தை மிச்சப்படுத்த வேண்டுமா என்றும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் ஒன்றாக முழுசாகக் கிடைக்காது. அப்பா பாஷையில் சொன்னால், நெருக்கி அடுக்கினால் இடம் மிச்சம், எடுக்க நேரமாகும்.

சிம்பிள்டெக்ஸ்ட் என்று ஒரு கோடெக் இருக்கிறது. இன்டெக்ஸை வெறும் எழுத்தாக எழுதும். நிஜ வேலைக்கு ஆகாது, மெதுவானது, இடமும் அதிகம் பிடிக்கும். ஆனால் துறை நூலகத்தின் புத்தகத் தலைப்புகளை அதில் போட்டு, நோட்பேடில் திறந்தேன். சொல், அதன் கீழே ஆவண எண், அதன் கீழே எத்தனை தடவை, எந்த இடத்தில் என்று வரிசையாக நின்றது. அட, இவ்வளவுதானா! அதுவரை பயந்த பயமெல்லாம் போயே போச்சு.

அடி வாங்கியதையும் சொல்லி விடுகிறேன். ஒரு பகுதியை மட்டும் மாற்றி, என் பெயரிலேயே ஒரு கோடெக் செய்தேன். இன்டெக்ஸை நண்பனின் கணிப்பொறிக்குக் கொண்டு போனால் திறக்கவே இல்லை. கோடெக்கின் பெயரும் இன்டெக்ஸோடு எழுதப்படுகிறது. அந்தப் பெயருள்ள நிரல் அங்கே இல்லாவிட்டால் படிக்க முடியாது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக் கொண்டேன். ஆனால் அந்த இரண்டு நாளில் கற்றதை எந்த கைடும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

"இருப்பதே நல்லாத்தானே ஓடுது, எதுக்குடா வேண்டாத வேலை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரும்பாலான வேலைக்கு, அவர்கள் தரும் முறையே போதும். நாமே செய்த கோடெக்கைப் புதிய பதிப்புகளுக்கு ஏற்றபடி பராமரிப்பதும் நம் தலையில்தான் விழும். ஆகவே வேலைக்குப் போகும் இடத்தில் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். ஆனால் கற்கும் இடத்தில் மாற்றிப் பார்க்காமல் வேறு எங்கே பார்ப்பது? ஏன் மாற்றவில்லை என்று காரணம் சொல்லத் தெரிந்தவனுக்கும், ஒன்றும் தெரியாமல் சும்மா இருப்பவனுக்கும் வித்தியாசம் உண்டு.

என் வேண்டுகோள் இரண்டு. ஒவ்வொரு ப்ராஜெக்ட் குழுவும் தங்கள் கருவிக்குள் இருக்கும் ஒரு பகுதியையாவது திறந்து பார்த்து, அறிக்கையில் 2 பக்கம் சொந்தமாக எழுத வேண்டும். நம் மாணவர் பேரவை, மாதம் ஒரு சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைக்கக் கேட்க வேண்டும். வீட்டில் கணிப்பொறி இல்லாதவர்கள் நம்மில் நிறையப் பேர்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவுக்குப் பதில் சொல்லி விட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப எங்க மண்டி மாதிரிதான்" என்றார். எனக்கு அதுவே பட்டம் வாங்கியது போல் இருந்தது.

திறந்து பார்ப்போம் தோழர்களே! தெரிந்து கொள்வோம்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறித் துறை