பந்து உறங்கும் மாதமும் சனிக்கிழமைத் தமிழும்

டிசம்பர் பிறந்தால் ஓகூஸில் பின்னேரம் நாலு மணிக்கு முன்னமே இருட்டிவிடும். பனி கொட்டினாலாவது வெளிச்சமாக இருக்கும். இங்கே கூடுதலாக மழைதான், அதுவும் பக்கவாட்டில் அடிக்கிற மழை. அந்த மாதத்தில்தான் டெனிஷ் உதைபந்தாட்ட லீக்கும் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விடும். பிறகு பெப்ரவரியில்தான் திறக்கும். இடையில் இருக்கிற இரண்டு மாதத்தை ஒன்பது வயதுப் பிள்ளையோடு கடத்துவது எப்படி என்று வீட்டில் ஒரு ஏஜிஎஃப் ரசிகரை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

கிளாஸ்கோவில் இருக்கிற என்ர மச்சாளுக்கு இது விளங்காது. ஸ்கொட்லாந்தில் டிசம்பர்தான் நெரிசலான மாதம். நத்தாருக்கு அடுத்த நாளும் விளையாட்டு, புதுவருசத்தை ஒட்டியும் விளையாட்டு. அவளின்ர மகன் செல்ற்றிக் ரசிகன். வட்ஸ்அப்பில் படம் மேல் படமாக அனுப்புவான். எங்கட வீட்டுக்காரன் பதிலுக்கு அனுப்ப ஒன்றுமில்லாமல், போன வருசத்துக் கோல்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"அப்பா, அவங்களுக்குக் குளிராதா?"

குளிரும். ஆனால் அவர்களுக்கு அது பழக்கம். டென்மார்க்கில் 1990 வரைக்கும் லீக் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடிந்தது, ஒரே வருடத்துக்குள்ளேயே. 1991 இல் சுப்பர்லீகா வந்த பிறகுதான் மற்ற ஐரோப்பிய நாடுகளைப்போல கோடையில் தொடங்கி அடுத்த கோடைக்கு முன் முடிக்கிற முறைக்கு மாறினார்கள். மாறினாலும் டிசம்பர், ஜனவரி மாதங்களை விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் ஒரு நீண்ட ஓய்வை வைத்துத்தான் கணக்கைச் சரிப்படுத்தினார்கள்.

இந்த முறை காத்திருப்பு இன்னும் கஷ்டம். ஏனென்றால் ஏஜிஎஃப் முதலிடத்தில் இருந்துகொண்டு இடைவேளைக்குப் போயிருக்கிறது. ஓகூஸில் வளர்ந்த எவருக்கும் இது நம்புகிற விசயமில்லை. கழகம் தொடங்கியது 1880 இல், உடற்பயிற்சிக் கழகமாக. உதைபந்து 1902 இல்தான் சேர்ந்தது. 1955, 56, 57, 60 என்று வெற்றிமேல் வெற்றி. அதற்குப் பிறகு ஒரேயொரு லீக் பட்டம், 1986 இல். அதோடு சரி. 2006, 2010, 2014 என்று மூன்று தரம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கி, மூன்று தரமும் அடுத்த வருடமே ஏறி வந்தது. 2024 மே மாதம் கிண்ண இறுதியாட்டத்தில் சில்கபோர் அணியிடம் ஒரு கோலால் தோற்றபோது மூத்தவனின் கண்ணீரைத் துடைக்கக் கடைசியில் ஐஸ்கிறீம்தான் வேண்டியிருந்தது. மே மாதமென்றபடியால் அதாவது கிடைத்தது.

1986 என்பது எங்கட வீட்டில் ஒரு பகிடி. அப்பா டென்மார்க்குக்கு வந்தது அந்த இலையுதிர்காலத்தில்தான், அந்தக் காலத்து வழமைப்படி கிழக்கு பேர்லின் ஊடாக. "நான் வந்த வருசம் வெண்டவங்கள். எனக்கு வரவேற்பு எண்டு நினைச்சன். பிறகு ஒரு நாளும் வெல்லேல்லை," என்று அவர் சொல்லாத வருடமில்லை. அவர் இளவாலைப் பக்கம். சென். ஹென்றியரசர் கல்லூரியின் உதைபந்தாட்டத்தை மதிலில் ஏறியிருந்து பார்த்தவர். செஞ்சிலுவைச் சங்கத்தின் அகதி முகாமில், ஒரு சொல் டெனிஷ் தெரியாத காலத்தில், அவருக்கு விளங்கிய ஒரே தொலைக்காட்சி நிகழ்ச்சி உதைபந்தாட்டம்தானாம். கோல் என்றால் எந்த மொழியிலும் கோல்தானே.

அம்மா வர இன்னும் மூன்று வருடம் எடுத்தது. 1987 இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களை நிறுத்திவைக்கச் செய்தார். சட்டப்படி உரிமை இருந்தும் கடிதங்கள் அலுமாரியில் கிடந்தன. அந்த "தமிழர் வழக்கு" பற்றிய விசாரணை அறிக்கை வந்ததும்தான் 1993 ஜனவரி 14 அன்று பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். நின்-ஹான்சனுக்கு 1995 இல் நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. எங்கட பெற்றோரின் காத்திருப்பால் ஒரு அரசாங்கம் கவிழ்ந்தது என்பதை டென்மார்க்கில் பிறந்த எங்களில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? நான் சொன்னதில்லை. ஏஜிஎஃப் ஏன் இத்தனை வருடமாக வெல்லவில்லை என்று மூத்தவன் அப்பப்பாவைக் கேட்கப்போய்த்தான், 1986 இல் தொடங்கிய கதை 1993 வரைக்கும் வந்து அம்மம்மாவின் சமையலறையில் முடிந்தது.

சரி, சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன்.

பெரிய அணிக்குத்தான் ஓய்வு. சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை. எங்கட பக்கத்துச் சின்னக் கழகத்தில் குளிர்காலம் வந்தால் பயிற்சி உள்ளரங்குக்கு மாறிவிடும். அரங்கு நேரம் தட்டுப்பாடு. கைப்பந்து, பட்மின்டன், முதியவர் உடற்பயிற்சி எல்லாம் போக மிஞ்சுவதுதான் எங்களுக்கு. இந்தக் குளிர்காலம் மூத்தவனின் அணிக்குக் கிடைத்தது சனிக்கிழமை காலை பத்து மணி. எங்கட தமிழ் வகுப்பும் சனி காலை பத்து மணிதான்.

இந்தப் பத்து மணிப் பிரச்சினை ரொறொன்ரோவிலும் இருக்கும், ஒஸ்லோவிலும் இருக்கும். வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் இப்போது தலையாட்டுவீர்கள் என்று நினைக்கிறேன்.

டென்மார்க்கில் நிலைமை கொஞ்சம் இறுக்கம். முன்னர் கொம்யூன் தாய்மொழி வகுப்பு நடத்தியது. 2002 இல் சட்டம் மாறி, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள எங்களைப் போன்றவர்களின் மொழிகளைக் கற்பிக்க வேண்டிய கடமை கொம்யூனுக்கு இல்லையென்று ஆனது. அதற்குப் பிறகு தமிழ் என்றால் எங்கட கையில்தான். எங்கட வகுப்பில் எட்டுப் பிள்ளையள். ரீச்சருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஊரில் ஆசிரியையாக இருந்தவர், இங்கே முப்பது வருடம் முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். சம்பளம் ஒரு குறோனரும் இல்லை. பஸ்ஸில்தான் வருவார்.

முதல் சனிக்கிழமை நான் செய்ததை இங்கே எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. காலை எட்டரைக்கு ரீச்சருக்குச் செய்தி அனுப்பினேன்: "தம்பிக்குக் காய்ச்சல், இண்டைக்கு வர மாட்டான்." பிறகு அவனை அரங்கில் கொண்டுபோய் விட்டேன். இரண்டாவது கிழமை "வயித்துக் குத்து". மூன்றாவது கிழமை என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோது பின் இருக்கையிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, இந்த முறை எனக்கு என்ன வருத்தம்?"

அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. ரீச்சர் கேட்டால் சொல்வதற்காகத் தெரிந்துவைத்துக்கொள்ளப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த தமிழில் ஒழுங்காகச் சொல்ல ஒத்திகை வேறு: "எனக்கு வயித்துக் குத்து, ரீச்சர்." தமிழில் அவன் பிழையில்லாமல் சொன்ன முழு வசனம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

காரைத் திருப்பினேன். அரங்குக்கும் போகவில்லை. வகுப்புக்குப் போய், பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் ரீச்சரை வெளியே கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அன்றைக்கு மேசையில் இருந்தது மூன்று பிள்ளையள் மட்டும்.

ரீச்சர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன்ர சின்னக் கொப்பியை எடுத்துக் காட்டினார். நவம்பரிலிருந்து யார் யாருக்கு என்ன வருத்தம் என்று திகதி போட்டு எழுதி வைத்திருந்தார். காய்ச்சல், தடிமன், பல்லுக்குத்து, மீண்டும் காய்ச்சல். "இந்தப் பிள்ளையளின்ர சுகத்தைப் பார்த்து நான் பயந்துபோனன், தம்பி. ஒரு கோயில் அர்ச்சனையும் செய்து போட்டன்," என்றார். சிரிக்கிறாரா பேசுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு சொன்னார்: "விளையாட்டு எண்டு சொல்லியிருந்தால் நேரத்தை மாத்தியிருப்பன். எனக்குச் சனியும் ஒண்டுதான், ஞாயிறும் ஒண்டுதான். பொய் சொல்லித்தான் தமிழை விட்டு வரவேணும் எண்டு பிள்ளை பழகப்படாது."

அன்றிரவு ஒரு அட்டவணை போட்டேன். நான் வேலையில் செய்வதும் அதுதானே, ஆட்களின் நேரங்களை மோதவிடாமல் அடுக்குவது. எட்டுக் குடும்பத்துக்கும் அனுப்பி, எந்த நாள் எந்த மணி முடியாது என்று மட்டும் நிரப்பச் சொன்னேன். காரணம் கேட்கவில்லை. இரண்டு நாளில் எல்லாரும் நிரப்பிவிட்டார்கள். எட்டில் ஐந்து பேருக்குச் சனி காலையில் விளையாட்டு இருந்தது. உதைபந்து, கைப்பந்து, நீச்சல். ஐந்து குடும்பமும் தனித்தனியாக ரீச்சருக்குக் காய்ச்சல் அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறோம். ஒருவருக்கும் மற்றவரின் காய்ச்சல் தெரியாது. மிஞ்சியது ஒரேயொரு நேரம்: ஞாயிறு பின்னேரம் மூன்று மணி. பெப்ரவரி முடியும் வரைக்கும் அதுதான் என்று முடிவானது.

எல்லாருக்கும் இது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு தாய் வெளிப்படையாகவே கேட்டார்: "விளையாட்டுக்காகத் தமிழை நகர்த்தினால் நாளைக்குப் பிறந்தநாள் விழாவுக்காகவும் நகர்த்துவியளோ?" நியாயமான கேள்விதான். என்னிடம் இருந்த பதில், மூன்று பிள்ளைகளோடு இருந்த அந்த மேசை மட்டும்தான். இன்னொன்றும் யோசித்தேன். உதைபந்துக் கழகமும் இங்கே தொண்டர்களால்தான் ஓடுகிறது. பயிற்றுநர் ஒரு தச்சர், சம்பளமில்லை. அணியின் உடுப்பை ஒவ்வொரு கிழமையும் ஒரு வீடு தோய்க்க வேண்டும். அந்த முறையை நான் ஒரு தரமும் தவறவிட்டதில்லை, காய்ச்சல் என்று செய்தி அனுப்பினதும் இல்லை. டெனிஷ்காரத் தச்சருக்குக் கொடுத்த மரியாதையை, பஸ்ஸில் வருகிற ரீச்சருக்கு நான் கொடுக்கவில்லை. சொந்த ஆட்கள்தானே என்ற உரிமையில்.

ஞாயிறு வகுப்பில் ரீச்சர் செய்த வேலைதான் நான் எதிர்பாராதது. முதல் நாளே பலகையில் உதைபந்துச் சொற்கள். கோல்காப்பாளர், மத்தியஸ்தர், தண்டனை உதை, மூலை உதை. எனக்கே அரைவாசி தெரியாது. அப்பாவைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டுத்தான் வீட்டுப்பாடம் முடிந்தது. "மத்தியஸ்தர் எண்டா ரெஃப்ரி. இளவாலையில ஒருக்கா மத்தியஸ்தரைத் துரத்திக்கொண்டு..." என்று தொடங்கினவர் முக்கால் மணித்தியாலம் வைக்கவில்லை. மூத்தவன் கேட்டுக்கொண்டிருந்தான். எவ்வளவு விளங்கியதோ தெரியாது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான்.

அடுத்த கிழமை கட்டுரை: "எனக்குப் பிடித்த விளையாட்டு வீரர்." மூத்தவன் கோல்காப்பாளன். ஏஜிஎஃப்பின் ஜெஸ்பர் ஹான்சன் நாற்பது வயதிலும் கோல் காக்கிறார், அவரைப் பற்றித்தான் எழுதுவான் என்று நினைத்தேன். அவன் எழுதியது ஹென்றி ஃபிரோமைப் பற்றி. ஏஜிஎஃப்பின் பழைய கோல்காப்பாளர். 1960 ரோம் ஒலிம்பிக் அரையிறுதியில் ஹங்கேரிக்குத் தண்டனை உதை கிடைத்தபோது, வாயிலிருந்த சுவிங்கத்தை எடுத்துக் கோல் கம்பத்தில் ஒட்டிவிட்டு, வந்து உதையைத் தடுத்தவர். டென்மார்க் அந்த முறை வெள்ளிப் பதக்கம் எடுத்தது. அப்பப்பா சொன்ன கதை. அதைத் தமிழில் ஏழு வரி எழுதினான். சுவிங்கத்துக்கு அவனாகவே "சப்புற ரப்பர்" என்று பேர் வைத்தான். ரீச்சர் சிவப்புப் பேனாவால் வெட்டாமல் விட்டுவிட்டார். (சனிக்கிழமை அரங்கில் அவனே ஒரு சுவிங்கத்தைக் கம்பத்தில் ஒட்டப்போய்ப் பயிற்றுநரிடம் பேச்சு வாங்கியது தனிக்கதை.)

கட்டுரையைப் படமெடுத்துக் கிளாஸ்கோவுக்கும் அனுப்பினான். அங்கிருந்து பதில் ஆங்கிலத்தில் வந்தது: 1965 நவம்பரில் செல்ற்றிக் ஏஜிஎஃப்பை இரண்டு தரம் வென்றதாம், இங்கே 1-0, அங்கே 2-0. தேடிப் பார்த்தேன், உண்மைதான். கிண்ணம் வென்றவர்களுக்கான ஐரோப்பியப் போட்டி. ஒன்றரை வருடம் கழித்து அதே செல்ற்றிக்தான் ஐரோப்பியக் கிண்ணத்தையே தூக்கியது, ஆகவே பெரிய அவமானமில்லை என்று மூத்தவனைத் தேற்றினேன். செல்ற்றிக் எப்படித் தொடங்கியது என்றும் மச்சாள் எழுதியிருந்தாள்: 1887 இல், கிளாஸ்கோவுக்குப் பிழைக்க வந்த ஏழை ஐரிஷ்காரரின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடக் காசு சேர்க்க, ஒரு சமயத் துறவி தொடக்கிய கழகம். "எங்கட சங்கங்கள் மாதிரித்தான், கொத்துரொட்டி வித்துக் காசு சேர்க்கிறது," என்று முடித்திருந்தாள்.

இப்போது ஜனவரி. வீரர்களை வாங்குவதும் விற்பதும் நடக்கிற மாதம். மூத்தவன் காலையில் எழும்பியவுடன் தலைவர் பத்ரிக் மோர்டன்சன் இன்னும் இருக்கிறாரா என்றுதான் பார்க்கிறான். பழைய மைதானத்தை இடித்துவிட்டார்கள். 24,000 பேருக்கு ஸஹா ஹதீட் நிறுவனம் வரைந்த புது அரங்கு காட்டோரத்தில் எழும்புகிறது. அதுவரைக்கும் நகரின் வடக்கே வெயில்பியூவில் தற்காலிக மைதானம். காற்று எல்லாப் பக்கத்தாலும் வரும். அப்பாவுக்கு இரண்டு சோடி காலுறை வாங்கி வைத்திருக்கிறேன், முப்பத்தொன்பது வருடம் காத்திருந்தவர் இந்த முறை வராமல் இருக்க மாட்டார்.

ஒரு சின்னச் சிக்கல். பெப்ரவரியில் லீக் திறந்தால் ஞாயிறு பின்னேரங்களில் ஆட்டம் வரும். வகுப்பும் ஞாயிறு மூன்று மணி. போன கிழமை இதை ரீச்சருக்கு முன்கூட்டியே சொன்னேன், இந்த முறை காய்ச்சல் ஒன்றுமில்லாமல். கொப்பியை விரித்துக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எத்தினை மணிக்கு முடியும்?"

"ஐந்து, ஐந்தரை ஆகும் ரீச்சர்."

"அப்ப ஆறு மணிக்கு வாங்கோ. வரேக்க யார் வெண்டது எண்டு அவன் எனக்குத் தமிழில சொல்ல வேணும். தோத்தாலும் சொல்ல வேணும்."