கடல் இல்லாத ஊருக்கும் கப்பல் வேண்டும்

"போடியிலும் கம்பத்திலும் ஏலக்காய் விற்பவர்களுக்குப் போர்க்கப்பல் எதற்கு?" என்று கேட்கும் சகோதரர்கள் 2020-ஐ நினைத்துப் பார்க்கட்டும். கொரோனாவால் விமானங்கள் நின்றன. பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள் திரும்ப வழியின்றித் தவித்தனர். அப்போது கொழும்பு, மாலே, ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகங்களிலிருந்து ஒவ்வொரு தடவையும் சுமார் 700 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது ஐ.என்.எஸ். ஜலாஷ்வா.

அது படைகளையும் டாங்கிகளையும் கரையிறக்கும் கப்பல். தன் வயிற்றுக்குள் கடல்நீரை விட்டு, உள்ளிருக்கும் படகுகளை மிதக்கவைத்து வெளியே அனுப்பும். துறைமுகம் இடிந்துபோன கரையிலும் வேலை நடக்கும். சுனாமியைக் கண்ட தமிழ்நாட்டுக்கு இதன் அருமை புரியாதா?

ஆனால் அது நாம் கட்டியதல்ல. 1971 முதல் அமெரிக்கக் கடற்படையில் ஓடிய 'டிரென்டன்'தான் அது. 2007-ல் நம் தலையில் கட்டினார்கள். விற்ற பிறகும் வந்து சோதிக்கும் உரிமையை வைத்துக்கொண்டார்கள். 2008-ல் மத்திய கணக்குத் தணிக்கையாளரே இதைக் குறை கூறினார். சந்தையில் மாட்டை விற்றவன் மறுவருடமும் வந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பதுண்டா?

இதே வகையில் நான்கு கப்பல்களை இந்தியாவில் கட்ட 2013-ல் டெண்டர் விட்டார்கள். 2020-ல் ரத்து. 2021-ல் மீண்டும் விவரம் கேட்டார்கள். 2025 அக்டோபரில்தான் பாதுகாப்புக் கொள்முதல் குழு ஒப்புதல் தந்தது. ஒப்புதல் காகிதத்தில் யாரும் ஏறி ஊர் திரும்ப முடியாது. எந்தத் தளத்தில், எந்த ஆண்டுக்குள், ஐ.டி.ஐ. படித்த நம் பிள்ளைகளுக்கு அதில் எத்தனை வேலை? ஓட்டு வாங்கிய நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்கட்டும்.